மணியை அழுத்தவும்

புருஷனுக்கு நோய் திரும்பி வந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது பிரேக்கம்மாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. சொன்னால் அடிக்க வருவீர்கள், ஆனாலும் சொல்லித்தான் தீரவேண்டும். அவள் மனசுக்குள் கடுகளவு சந்தோஷம் ஒன்று எட்டிப் பார்த்தது. ‘அப்போ மகாராணியோட ரத்தமும் தோத்துப்போச்சு!’ அடுத்த நொடியே காலுக்குக் கீழே தரை இல்லாத மாதிரி ஆகி, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்த அழுகை பொய் இல்லை. ஆனால் முதலில் வந்தது அது இல்லை, அவ்வளவுதான்.

பிரேக்கம்மா என்பது டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வைத்த பெயர். பழக்குகிற காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் இருக்குமே, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு வாயாலேயே வண்டி ஓட்டுவாள். “ஸ்டியரிங் உங்க கையில, உசுரு என் காலில. ஞாபகம் இருக்கட்டும்” என்பதுதான் அவள் சொல்லும் முதல் பாடம். புருஷன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட் சத்தத்தைக் கேட்டு, “இதுக்கு முட்டி வலி” என்று சொல்லிச் சிரிப்பார். மகாராணி, அவருடைய அக்கா. பெரிய ஹோட்டல் ஒன்றில் சலவைப் பகுதிக்கு மேற்பார்வை. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் போதும், பத்துப் பேரை வரிசையில் நிற்க வைத்துவிடுவாள். மகாராணி என்ற பெயர் பிரேக்கம்மா மனசுக்குள் மட்டும்தான். நேரில் “அண்ணி, அண்ணி” என்று தேன் ஒழுகும்.

அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்த அக்கா. அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அதுதான் பிரேக்கம்மாவின் கஷ்டமே. குற்றம் சொல்ல முடியாத ஒருத்தியின் மேல் பொறாமைப்படுவதைப் போல ஒரு தண்டனை கிடையாது. திட்டவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

முதல் தடவை ரத்தப் புற்றுநோய் வந்தபோது, அது வேகமாக ஓடுகிற ரகம் என்றார்கள். மருந்து ஏற்றி அடக்கிவிட்டு, அது மறுபடி தலை தூக்காமல் இருக்க வேறொருவருடைய எலும்பு மஜ்ஜையைக் கொடுக்கவேண்டும் என்றார்கள். “என்னோடதை எடுத்துக்கோங்க” என்று பிரேக்கம்மா கையை நீட்டிக்கொண்டு போய் நின்றாள்.

“கூடப் பிறந்தவங்களுக்குத்தான்மா பொருந்த வாய்ப்பு. புருஷன் பொண்டாட்டிக்குள்ள பொருந்துறதெல்லாம் குதிரைக்கொம்பு.”

கேட்கிற ஆளா அவள்? பரிசோதனை பண்ணித்தான் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பண்ணினார்கள். ‘என்ன பொருத்தம், என்ன பொருத்தம்’ என்று ஊரே கண் வைத்த ஜோடி. மருந்துக்குக்கூடப் பொருத்தம் இல்லை. மகாராணிக்கோ, அச்சில் வார்த்த மாதிரி அப்படியே பொருந்தியது.

“தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க?” என்றாள் மகாராணி. அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தவள் அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை.

மஜ்ஜை ஏறியது, பிடித்துக்கொண்டது. லிஃப்ட்காரருடைய ரத்த வகையே மாறி அக்காவின் வகை ஆகிவிட்டது. “இப்ப இவர் ரத்தத்தை மட்டும் பார்த்தா, இது ஒரு பொம்பளையோடதுன்னுதான் வரும்” என்று டாக்டரம்மா விளையாட்டாகச் சொன்னதை, மகாராணி சலவைப் பகுதி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மருந்துக்கடைக்காரரிடம், பக்கத்து வீட்டுக்காரியிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடமெல்லாம், “அவன் உடம்புல ஓடுறது என் ரத்தம்” என்றாள். தம்பிக்குக் கொஞ்சம் கோபம் வந்தால், “பாத்தியா, என் ரத்தம்!” தம்பிக்குத் தூக்கம் வந்தால், “நானும் இப்படித்தான் மத்தியானத்துல சொக்குவேன்!” பிரேக்கம்மா சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பல்லைக் கடிப்பாள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. மஜ்ஜை ஏற்றின சமயத்தில் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் படுத்திருக்கிறவர் பக்கத்தில் நீங்கள் வரவே கூடாது என்று பிரேக்கம்மாவைத் தடுத்துவிட்டார்கள். அந்த ரெண்டு வாரமும் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தது மகாராணிதான். போன் பண்ணிக் கேட்டால், “நல்லா இருக்கான். காய்ச்சல்ல கொஞ்சம் பினாத்துறான். உன்னைத் தேடவே இல்லை, நீ பிள்ளையைப் பாரு” என்பாள். தேடவே இல்லை! அந்த இரண்டு வார்த்தை பிரேக்கம்மாவின் தொண்டையில் மீன்முள் மாதிரி அன்றைக்குக் குத்தியதுதான், அப்படியே நின்றுவிட்டது.

இப்போது நோய் திரும்பி வந்துவிட்டது. டாக்டரம்மா புது வைத்தியம் ஒன்றை எடுத்துச் சொன்னார்.

“நம்ம உடம்புல நோயோட சண்டை போடுற வெள்ளை அணுக்கள் இருக்கு. ஆனா இந்தப் புற்றுநோயை எதிரின்னு அதுக்கு அடையாளம் தெரியலை. அந்த அணுக்களைப் பிரிச்சு எடுத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, எதிரி யாருன்னு கண்டுபிடிக்கிற மாதிரி மாத்தி, பெருக்கி, திரும்ப ஏத்துவோம்.”

“டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்புற மாதிரி” என்றார் லிஃப்ட்காரர். அந்த நிலையிலும் அவருக்கு விளையாட்டு.

“யாரோட அணுக்கள் டாக்டர்?” பிரேக்கம்மா கேட்டாள்.

“இவரோடதுதான்.”

“இவரோட சொந்த அணுக்களா?”

“ஆமாம்மா, இவர் உடம்புலேருந்துதான் எடுப்போம்.”

பிரேக்கம்மா திரும்பி மகாராணியைப் பார்த்தாள். அவள் ஏற்கெனவே கொடுக்கத் தயாராகக் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி வைத்திருந்தாள். “அண்ணி, இந்தத் தடவை நீங்க சிரமப்பட வேண்டாம்” என்றாள் பிரேக்கம்மா. அப்பப்பா, அந்தச் சொல்லைச் சொல்வதில் எவ்வளவு ருசி! மகாராணி சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

ஆனால் பாருங்கள், கிணறு வெட்டப்போய்ப் பூதம் கிளம்பின கதை. அணுக்களைப் பிரித்து எடுக்கிற அன்றைக்கு, இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தம் குழாய் வழியாகப் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வருவதை பிரேக்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமை தாங்கவில்லை. இயந்திரத்தை இயக்குகிற பெண்ணிடம், “இது முழுக்க இவரோடது. யாரும் கொடுக்கலை” என்றாள்.

அந்தப் பெண் நல்லவள். உள்ளதைச் சொல்கிறவள். “உடம்பு இவரோடதுதான்மா. ஆனா இவருக்கு அக்கா மஜ்ஜை ஏத்தியிருக்கு இல்ல? இந்த அணுக்கள் அதிலேருந்து முளைச்சதுதான். பார்க்கப்போனா எல்லாம் அக்காவோடதுதான்” என்றாள்.

பிரேக்கம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. இயந்திரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. இந்தச் சங்கதி மகாராணி காதில் விழுந்தால் என்ன ஆகும்? மருந்துக்கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரி, பஸ்ஸில் வருகிறவள், எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். சொல்லவே போவதில்லை என்று அவள் அங்கேயே முடிவு பண்ணினாள். டாக்டரம்மாவும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

அணுக்கள் படித்துவிட்டுத் திரும்பி வரச் சில வாரம் ஆயிற்று. அதற்குள் அவரை மருந்தாலேயே ஓட்டினார்கள். வந்தபிறகு அறைக்குள் ஒரே ஒருவர்தான் துணைக்கு இருக்கலாம் என்று சட்டம். டாக்டரம்மா இரண்டு பெண்களையும் உட்கார வைத்துச் சொன்னார்.

“இந்த அணுக்கள் நோயை அடிக்கும்போது உடம்பு கொதிக்கும். அது பரவாயில்லை, மருந்து இருக்கு. ஆனா சில பேருக்கு மூளையும் கலங்கும். பேச்சு தடுமாறலாம், சொல்லு மாறலாம், எழுத்து கோணலாகலாம், ஆளைத் தெரியாம போகலாம். உடனே சொன்னா அடக்கிடலாம். விட்டுட்டா வலிப்பு வரும், அதுக்கு மேலயும் போகும். எங்களைவிட கூட இருக்கிறவங்களுக்குத்தான் சின்ன மாற்றம்கூட முதல்ல தெரியும். இவரை நல்லாத் தெரிஞ்சவங்க யாரு?”

“நான்தான்” என்றாள் பிரேக்கம்மா. “நான்தான்” என்றாள் மகாராணி. இரண்டும் ஒரே நேரத்தில்.

எல்லோரும் லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். பாவம், இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட லிஃப்ட் மாதிரி மனுஷன். கடைசியில் பெண்டாட்டி பக்கம் கையைக் காட்டி, “இவ இருக்கட்டும்க்கா. நீ இருந்தா விரிப்பை இழுத்து இழுத்தே என்னைத் தூங்க விடமாட்டே” என்றார். மகாராணி சிரித்தாள். சிரித்த வாய் மூட நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் வந்து, கீழே வரவேற்புக் கூடத்தில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். மேலே பிரேக்கம்மாவுக்குப் படுக்கையை ஒட்டிய நாற்காலி. அதில் அவள் உட்கார்ந்திருந்த உட்காரலை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். சிம்மாசனம் கெட்டது!

அணுக்கள் ஒரு சின்னப் பையில் உறைந்துபோய் வந்தன. ஏற்றும்போது, உறையவைக்கச் சேர்த்த மருந்தால், அறை முழுக்கப் பூண்டு வாடை அடித்தது. “இத்தனை அமர்க்களமும் இந்தக் கைக்கடக்கமான பைக்கா?” என்றார் லிஃப்ட்காரர்.

ஒவ்வொரு வேளையும் நர்ஸ் வந்து சோதிப்பாள். இது என்ன மாசம், இது என்ன பொருள், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் ஒரு பேனாவைக் கொடுத்து ஒரே வாக்கியத்தை எழுதச் சொல்வாள். எழுத்து கோணினால் மூளை கோணுகிறது என்று அர்த்தம். என்ன வாக்கியம் வேண்டுமானாலும் நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றாள். அவர் யோசிக்கவே இல்லை. தன் கையால் நூற்றுக்கணக்கான லிஃப்டில் ஒட்டின வாசகத்தையே எழுதினார்: ‘லிஃப்ட் நின்றால் பதற வேண்டாம், மணியை அழுத்தவும்.’

“பொண்டாட்டியைப் பத்தி ஒரு வரி எழுதக்கூடாதா?” என்றாள் பிரேக்கம்மா.

“உன்னைப் பத்தி எழுதுனா ஒரு வரியில அடங்குமா?” என்றார். இப்படியே பேசி இத்தனை வருஷம் பிழைப்பை ஓட்டின மனுஷன்.

காய்ச்சல் வந்தது. அனலாகக் கொதித்தது. டாக்டரம்மா சொன்ன மாதிரியே ஒரு மருந்து ஏற்றினதும் இறங்கியது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அதற்கு மறுநாள் மத்தியானம், பிரேக்கம்மா ஈரத்துணியால் அவர் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் திறந்தார். அவளை நேராகப் பார்த்தார்.

“அக்கா” என்றார்.

“என்னது?”

“அக்கா, தண்ணி.”

விளையாடுகிறாரோ என்று நினைத்தாள். தண்ணீரைக் கொடுத்துவிட்டு, “என்னை நல்லாப் பாருங்க. நான் யாரு?” என்றாள். அவர் சிரித்தார். அதுதான் தாங்கமுடியாமல் போயிற்று. அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை வாசலில் நிற்கிறவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. “அக்கா” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

துணி அவள் கையிலேயே இருந்தது. வாந்திக்கு வாளி பிடித்தது யார்? முடி கொட்டினபோது மிச்சத்தை மழித்துவிட்டது யார்? வண்டி பழக்கிவிட்டு ஓடிவந்து, சமைத்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பி, ஆஸ்பத்திரிக்கு ஓடினது யார்? கடைசியில் கண்ணைத் திறந்தால் அக்கா! உடம்பு முடியாதபோதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும் என்பார்களே, வந்துவிட்டது. ரத்தம் அவளுடையது, அணு அவளுடையது, இப்போது மனசும் அவளுடையதுதான். இவள் யார்? சம்பளம் இல்லாத ஆயா.

டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆளைத் தெரியாமல் போகலாம் என்ற வார்த்தை காதோரத்தில் வந்து நின்றது. ‘வாய் குழறலையே, கை நடுங்கலையே, தெளிவாத்தானே சொன்னார்’ என்று அவளே அதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பொறாமைக்குக் காது உண்டு, மூளை கிடையாது. அதோடு இன்னொன்றும் இருந்தது. இதை நர்ஸிடம் சொன்னால் நர்ஸ் டாக்டரிடம் சொல்லுவாள். டாக்டர், ‘அக்காவைத்தான் தேடுறார், அவங்களே வந்து இருக்கட்டும்’ என்று சொல்லிவிட்டால்? நாற்காலி போய்விடும். ரெண்டு வாரம் பறிகொடுத்த நாற்காலியை மறுபடியும் பறிகொடுப்பதா?

நர்ஸ் உள்ளே வந்தாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். “ஏதாவது வித்தியாசமா பேசினாராம்மா?”

“இல்லையே” என்றாள் பிரேக்கம்மா. “தூங்குறார்.”

“அப்ப பக்கத்து அறையை முடிச்சுட்டு வந்து எழுதச் சொல்றேன்” என்று நர்ஸ் போய்விட்டாள். பக்கத்து அறையில் அவளுக்கு நேரம் இழுத்துக்கொண்டது. பிரேக்கம்மா ஜன்னல் பக்கமாகத் திரும்பி, படுக்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் இன்னொரு தடவை “அக்கா” என்று கேட்டது. அவள் திரும்பவில்லை. வெயில் தரையிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஏறிவிட்டது.

போன் அடித்தது. மகாராணி. வேலை முடிந்து கீழே வந்துவிட்டாள்.

“என்னம்மா பண்றான்?”

“தூங்குறார்.”

“சாப்பிட்டானா?”

“இல்லை.”

“ஏன், உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?”

அவ்வளவுதான், உடைந்தது அணை. “உங்க தம்பிக்கு நீங்கதான் வேணுமாம் அண்ணி. மத்தியானத்துலேருந்து என்னைப் பார்த்து அக்கா அக்கான்னு கூப்பிடுறார். போதுமா? வயிறு நிறைஞ்சுதா?”

வெற்றிச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள் பிரேக்கம்மா. வரவில்லை.

“உன்னைப் பார்த்தா?”

“ஆமா.”

“கண்ணைத் தொறந்துகிட்டா?”

“ஆமாங்கிறேனே!”

“அடியே! உன்னைப் போயி அவன் மறப்பானாடி? அவன் மண்டைக்குள்ள என்னமோ ஆகுதுடி! மணியை அடி! போனைப் போட்டுட்டு மணியை அடிடி!”

பிரேக்கம்மா திரும்பினாள். அவர் விழித்துத்தான் இருந்தார். ஆனால் பார்வை எங்கேயோ இருந்தது. விரல்கள் விரிப்பைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. தெருவில் குறுக்கே வருகிற பூனைக்கெல்லாம் பிரேக் போடுகிறவள், சொந்தப் புருஷனுக்குப் போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். தலைமாட்டில் தொங்கின சிவப்புப் பொத்தானை எட்டிப் பிடித்து அழுத்தினாள்.

நர்ஸ் ஓடிவந்து அவர் கையில் பேனாவைத் திணித்தாள். ‘லிஃப்ட்’ என்று ஆரம்பித்தார். அதற்கப்புறம் வந்தது எழுத்து இல்லை, சிக்கு விழுந்த நூல். பேனா கீழே விழுந்தது. கை வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு. அறை முழுக்க ஆட்கள். டாக்டரம்மா குழாயில் ஊசியைச் செருகிக்கொண்டே கேட்டார்: “எப்ப ஆரம்பிச்சுது?”

‘இப்பத்தான்’ என்ற சொல் பிரேக்கம்மாவின் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு நொடிதான். கதவுக்கு வெளியே மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடி வந்திருந்தாள் மகாராணி.

“மத்தியானமே” என்றாள் பிரேக்கம்மா. “என்னை அக்கான்னு கூப்பிட்டார். நர்ஸ் கேட்டப்பவும் நான் சொல்லலை.”

டாக்டரம்மா திட்டவில்லை. மருந்தின் அளவை மட்டும் மாற்றிச் சொன்னார். அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே நீளமான நடைவழி. இரண்டு நாற்காலி. இரண்டு பெண்கள்.

“திட்டுங்க அண்ணி. செருப்பால வேணாலும் அடிங்க.”

“உன்னைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை இருக்கு?” என்றாள் மகாராணி. கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே, சுவரைப் பார்த்துப் பேசினாள். “முதல் தடவை, உன் மகளுக்கு அம்மை போட்டிருந்துச்சே. நான்தானே கூட இருந்தேன். காய்ச்சல்ல என்னைப் பார்த்து உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். மஜ்ஜையைக் கொடுத்தவ நான். பக்கத்துல உட்கார்ந்து ஒத்தடம் கொடுக்கிறவ நான். அவன் வாயில வர்றது உன் பேரு! எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. அதான் உன்னைத் தேடவே இல்லைன்னு சொன்னேன்.”

“அடிப்பாவி!” என்றாள் பிரேக்கம்மா. அண்ணி, நாத்தனார், மரியாதை எல்லாம் காற்றில் போயிற்று. “அந்த வார்த்தையை வச்சுக்கிட்டு நான் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?”

“தெரியும். அழட்டும்னுதான் சொன்னேன்.”

பிரேக்கம்மாவுக்குக் கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. உள்ளே அவர் கிடக்கிற கிடப்பில், தன் பேரைத்தான் கூப்பிட்டாராம் என்ற நினைப்பு வேறு வெட்கமில்லாமல் இனித்தது. கணக்குத் தீர்க்கிற வேகத்தில் அவளும் கொட்டிவிட்டாள். “நானும் ஒண்ணு மறைச்சுட்டேன். இப்ப ஏத்தின அணுக்கள் அவரோடது இல்லை. உங்க மஜ்ஜையிலேருந்து முளைச்சது. அத்தனையும் உங்களோடதுதான்.”

மகாராணி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த நேரத்திலும், அந்த நடைவழியிலும், முதுகு தானாக நேராயிற்று. “என்னோடதா?”

“இந்தா, இதுக்குத்தான் சொல்லலை!”

கொஞ்ச நேரம் கழித்து மகாராணியின் குரல் தணிந்து வந்தது. “அப்போ இப்ப அவன் மூளையைக் கலக்கினதும் என்னோடதுதானா?”

“ஆமா. பின்னே, உங்க குணம் எங்க போகும்?”

சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பே அழுகையாகத் திரும்ப, ஒரே கைக்குட்டையை இரண்டு பேரும் இழுத்தார்கள். மகாராணிதான் ஜெயித்தாள்.

மருந்து வேலை செய்தது. வலிப்பு நின்று, கலக்கம் தெளிந்து, அவரைத் திரும்ப அறைக்குக் கொண்டுவந்தார்கள். “இனிமே ரெண்டு பேரும் இருங்க. ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் பிடிப்பீங்க” என்று டாக்டரம்மா சட்டத்தைக் கொஞ்சம் வளைத்துக்கொடுத்தார். இன்னொரு நாற்காலி வந்தது. ரத்தப் பரிசோதனையில் கெட்ட அணு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றும், மஜ்ஜையையும் பார்த்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்லமுடியும் என்றும் சொன்னார். டாக்டரம்மா கதவைத் தாண்டுவதற்குள், “பின்னே, யாரோட அணுக்களாம்!” என்று மகாராணி வாசலில் தரை துடைக்கிற அம்மாவிடம் ஆரம்பித்துவிட்டாள். பிரேக்கம்மா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வந்தாள்.

கலக்கத்துக்குக் கொடுத்த மருந்தைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். குறைக்கும்போது மறுபடி எட்டிப் பார்த்தாலும் பார்க்கும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள் என்று எச்சரித்திருந்தார்கள். மணி வாசகம் அச்சடித்த மாதிரி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எழுதி முடித்துவிட்டு, “இன்னும் எத்தனை லிஃப்ட்டுக்கு எழுதணும்?” என்று கேட்பார்.

ஒரு காலை. மகாராணி படுக்கையின் அந்தப் பக்கம் நின்று விரிப்பின் மூலையை இழுத்து மடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பிரேக்கம்மா அவருக்குத் தலையணையைச் சரிபண்ணினாள். அவர் தலையைத் தூக்கி, பெண்டாட்டியை நேராகப் பார்த்தார். அதே பார்வை. அதே பள்ளிக்கூடச் சிரிப்பு.

“அக்கா, என் பை எங்க?”

மகாராணியின் முகத்தில் பளிச்சென்று விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த நொடியே அவள் அதை அணைத்துவிட்டாள், பதறிப்போய்க் கையை மணிப்பக்கம் நீட்டினாள். ஆனால் வந்தது வந்ததுதான். பிரேக்கம்மா பார்த்துவிட்டாள். அடிவயிற்றிலிருந்து தொண்டைவரை ஒரு பிடி மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது.

மகாராணியின் கை போய்ச் சேருவதற்குள் அவள் பொத்தானைப் பிடித்து அழுத்தியிருந்தாள்.

“என்னம்மா, என்ன ஆச்சு?” நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“என்னைப் பார்த்து அக்காங்கிறார்.” மகாராணி காதில் நன்றாக விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள் பிரேக்கம்மா. “இப்பத்தான், இந்த நிமிஷம். நான் பொண்டாட்டி. தப்பாச் சொல்றார். குறிச்சுக்கோங்க.”

“ரொம்ப சீக்கிரம் பிடிச்சுட்டீங்க. மருந்தைக் கொஞ்சம் கூட்டினா சரியாகிடும்” என்றாள் நர்ஸ். “நான்தான் வந்துட்டேனே, கையை எடுங்கம்மா.”

எரிகிற வயிற்றோடு, பிரேக்கம்மா இன்னும் மணியை அழுத்திக்கொண்டுதான் நின்றாள்.